சுவரில் பதினேழாம் தேதி

அப்பா சாகும்வரை எல்லோருக்கும் ஒரே பதிலைத்தான் சொன்னார். "சுவத்தைப் போய்ப் பாருங்க." விசாரணை அதிகாரிகளுக்கும் அதுதான். வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றிய பெண்களுக்கும் அதுதான். கடைசி வாரத்தில் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டதற்கும் அதையே சொன்னார்.

அந்தச் சுவரை யாராலும் பார்க்க முடியவில்லை. ஆகஸ்ட் பதினேழாம் தேதி, புதன்கிழமை காலை, சுரங்கத்தின் நான்காம் கிளையில் கூரை சரிந்தது. உள்ளே ஏழு பேர் இருந்தார்கள். நான்கு உடல்கள் கிடைத்தன. மேலும் சரியும் என்று பயந்து மிச்சம் மூன்று பேரைத் தேடுவதை நிறுத்தினார்கள். சுரங்கத்தின் வாயைக் கான்கிரீட் போட்டு அடைத்தார்கள். அதன்பிறகு அங்கே வேலையே நடக்கவில்லை.

அப்பாவின் வேலை கூரை தட்டுவது. ஆட்கள் இறங்கும் முன் இரும்புக் கம்பியோடு உள்ளே போய் ஒவ்வொரு கிளையின் கூரையையும் தட்டிப் பார்ப்பார். நல்ல பாறை கணீரென்று பேசும். பிளந்த பாறை வெறும் பானை மாதிரிச் சத்தம் போடும். தட்டி முடித்ததும் கிளையின் கடைசிச் சுவரில் விளக்குக் கரியால் தேதியும் தன் பெயரின் இரண்டு எழுத்தும் எழுத வேண்டும். சுடரைப் பாறைக்குப் பக்கத்தில் பிடித்து நகர்த்தினால் கரி எழுத்தாக ஒட்டிக்கொள்ளும். சாக்பீஸ் எழுத்து ஈரத்தில் கரைந்துவிடும். கரி கரையாது.

மொத்தம் ஆறு கிளைகள். முதல் மூன்றில்தான் வேலை நடந்தது. மற்ற மூன்றும் வெட்டித் தீர்ந்தவை. அங்கே போக நெடுந்தூரம் குனிந்து நடக்க வேண்டும். ஆள் போகாத கிளைகளையும் தினமும் தட்ட வேண்டும் என்பது விதி. அந்தப் புதன்கிழமை, பழைய தண்டவாளத்தைக் கழற்ற ஏழு பேரைத் திடீரென்று நான்காம் கிளைக்கு அனுப்பினார்கள். அனுப்பும் முன் பதிவேட்டைப் பார்த்தார்கள். ஆறு கிளையும் தட்டியாயிற்று என்று அப்பா கையெழுத்துப் போட்டிருந்தார்.

விசாரணையில் ஒரே ஒரு சாட்சிதான் அதை மறுத்தது. "அண்ணன் அன்னைக்கு மூணாம் கிளையோட திரும்பிட்டார்." சொன்னவர் அப்பாவின் சொந்தத் தம்பி. தினமும் அப்பாவோடு விளக்குப் பிடித்துப் போனவர்.

அப்பா வேலையை இழந்தார். நான்கு வருடத்தில் உயிரையும் விட்டார். சித்தப்பா அதே தெருவில், இரண்டு வீடு தள்ளி, சைக்கிள் பழுது பார்த்துக்கொண்டு இருந்தார். இருபத்துமூன்று வருடம் அம்மா அந்த வீட்டுப் பக்கம் தலையைத் திருப்பவில்லை. அவரைப் பெயராலோ உறவாலோ குறிப்பிடவும் இல்லை. "அந்த ஆளு" என்பாள். பதினொரு வயதிலிருந்து அவளுடைய ஒரே மகளும் அப்படியே சொல்லிப் பழகினாள்.

வருடா வருடம் பதினேழாம் தேதி பழைய சுரங்க வாசலில் ஏழு பேருடைய குடும்பங்களும் கூடும். ஏழு பெயர்களையும் சித்தப்பாதான் சொல்வார். காகிதம் பார்க்காமல் சொல்வார். அவளுக்கும் அம்மாவுக்கும் அழைப்பு வந்ததே இல்லை.

அவள் வளர்ந்து அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலையில் சேர்ந்தாள். சேர்ந்த வருடமே குகைகளுக்குள் போகும் ஒரு குழுவிலும் சேர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமையில் தூங்காமல் சேற்றில் தவழ்வதற்கு உனக்கு என்ன தலையெழுத்து என்று உடன் வேலை செய்பவர்கள் கேட்டார்கள். காரணத்தை அம்மாவுக்கும் குழுவில் இருந்தவர்களுக்கும் மட்டும் சொல்லியிருந்தாள்.

அப்பா ஒரு விஷயம் சொல்வார். ஆறாம் கிளையின் முனையில் ஒரு வெடிப்பு இருக்கிறது, அதிலிருந்து கோடையிலும் குளிர்ந்த காற்று வரும் என்பார். காற்று சும்மா வராது. மலையின் மறுபக்கம் சுண்ணாம்புப் பாறையில் குகைகள் இருந்தன. அவற்றில் ஒன்று சுரங்கம் இருந்த திசையில் போனது. குழு அதை எட்டு வருடமாக அளந்துகொண்டிருந்தது. ஒரு ஞாயிறு பத்து மீட்டர், ஒரு ஞாயிறு மூன்று மீட்டர், சில ஞாயிறுகளில் ஒன்றுமில்லை.

குழுவின் தலைவர் ஒரு பல் டாக்டர். அளவு நாடாவும் நோட்டும் அவர் கையை விட்டு இறங்காது. கயிறு கட்டி முதலில் ஏறுபவன் எலெக்ட்ரீஷியன். பாறையில் ஒட்டிக்கொள்வதால் அவனுக்குப் பல்லி என்று பெயர். அவளை எக்ஸ்ரே என்று கூப்பிட்டார்கள்.

ஜூலை மாதக் கடைசி ஞாயிறு குகையின் முனையில் ஒரு இடுக்கு வழிவிட்டது. இரண்டு மாதமாகக் கல்லைப் பொறுக்கிப் பொறுக்கி அகலப்படுத்திய இடுக்கு அது. அவள் தலையை உள்ளே விட்டாள். தோள் மாட்டிக்கொண்டது.

"எக்ஸ்ரே, உள்ள எலும்பு ஏதாச்சும் தெரியுதா?" பல்லி பின்னாலிருந்து கேட்டான்.

"உன் மண்டையைத்தான் தேடிட்டு இருக்கேன். காலியா இருக்கு."

"மூச்சை வெளிய விடுங்க. அசையாதீங்க. அப்படியே இருங்க." அவள் நோயாளிகளிடம் சொல்லும் குரலிலேயே சொன்னான்.

சிரித்ததில் மூச்சு வெளியே போனது. தோள் வழுக்கி உள்ளே விழுந்தது. கையூன்றி எழுந்தாள். ஹெல்மெட் வெளிச்சத்தில் ஒரு தண்டவாளத்துண்டு துருப்பிடித்துக் கிடந்தது. குகையில் தண்டவாளம் முளைக்காது.

"டாக்டர்," என்று கத்தினாள். "வந்தாச்சு."

பல் டாக்டர் இடுக்கின் அந்தப் பக்கமே நின்றார். "குகை முடிஞ்ச இடத்தோட என் வேலை முடிஞ்சுதும்மா. சுரங்கத்துல கால் வைக்க நமக்கு அனுமதி கிடையாது. இருபது நிமிஷம் நான் கண்ணை மூடிக்கிறேன். பல்லியைக் கூட்டிட்டுப் போ. கூரையைப் பாத்துப் போ. எதையும் தொடாதே."

கடைசி வார்த்தையை அவர் சொல்லத் தேவையில்லை. எதையும் எடுக்காதே, எதையும் அழிக்காதே என்று புதிதாக வருபவர்களுக்கு வகுப்பு எடுப்பது அவள்தான்.

சுவரைத் தேட வேண்டியிருக்கவில்லை. நின்ற இடத்திலிருந்து நாலு அடியில் இருந்தது. மேலிருந்து கீழாக, ஒன்றன் கீழ் ஒன்றாக, கரி எழுத்து. சுண்ணாம்பு நீர் வடிந்து எழுத்தின்மேல் மெல்லிய தோலாகப் படிந்திருந்தது. அதற்குள் ஒவ்வொரு எழுத்தும் நேற்று எழுதினாற்போல நின்றது. ஏழுக்குக் குறுக்கே ஒரு கோடு போடுவார் அப்பா. அவளுடைய பள்ளி நோட்டு அட்டைகளில் எல்லாம் அந்த ஏழு இருந்தது.

15/8. 16/8. 17/8. பக்கத்தில் இரண்டு எழுத்து.

அவள் முட்டிபோட்டு உட்கார்ந்தாள். வாய்விட்டு அழுதாள். பல்லி ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தான்.

"இருக்கு பாத்தியா?" என்றாள். "போய்ப் பாருங்க போய்ப் பாருங்கன்னு கத்தினாரே. ஒருத்தன் வந்து பாக்கலையே. அந்த ஆளு என்ன சொன்னான்? மூணாம் கிளையோட திரும்பிட்டாராம். இது ஆறாம் கிளைடா!"

"படம் எடுத்துடலாம். அழுததெல்லாம் போதும்." பல்லி கேமராவை எடுத்தான். வெளிச்சத்தைச் சுவரில் நேராக அடித்தான். கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனவன் கீழே இறக்கினான்.

"கீழயும் இருக்கே."

18/8. 19/8. 20/8. பக்கத்தில் அதே இரண்டு எழுத்து.

"பதினேழாம் தேதியோட வேலையே நின்னுபோச்சுன்னு சொன்னே," என்றான். "அப்புறம் யாரு வந்து எழுதினது?"

அவள் வரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவள் பிழைப்பே படத்தில் இருப்பதைப் பார்ப்பதுதான். ஆறு வரியும் ஒரே கனம், ஒரே சாய்வு. அது ஆறு நாள் எழுதிய கை இல்லை. ஒருமுறை வந்து, நின்ற இடத்தில் நின்று எழுதிய கை. வெளிச்சத்தை மேலே தூக்கினாள். ஆறு வரி, ஒரு இடைவெளி. ஆறு வரி, ஒரு இடைவெளி. கூரைவரைக்கும் அப்படியே போனது. பக்கத்துச் சுவரிலும் தொடர்ந்தது. வாரத்துக்கு ஒரு நாள் வந்திருக்கிறார். திங்கட்கிழமை வந்து சனிக்கிழமைவரை எழுதிவிட்டுப் போயிருக்கிறார்.

சுவத்தைப் போய்ப் பாருங்க. பொய் இல்லை. சுவரில் இருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

கழுத்தில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தாள். தண்ணீர்ப் புட்டியைச் சாய்த்து நனைத்தாள். பதினெட்டின்மேல் வைத்துத் தேய்த்தாள். வரவில்லை. இன்னும் அழுத்தித் தேய்த்தாள். சுண்ணாம்புத் தோல் பளபளத்தது. எழுத்து முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தது.

"எக்ஸ்ரே," என்றான் பல்லி.

"வாயை மூடு."

"நான் ஒண்ணும் சொல்லல. டாக்டர் கூப்பிடப் போறார்."

துணியைப் பைக்குள் திணித்தாள். கையுறையைக் கழற்றினாள். வலது உள்ளங்கையை விரித்துச் சுவரில் வைத்தாள். 18, 19, 20. மூன்றும் விரலுக்கடியில் போய்விட்டன. கட்டைவிரலை மட்டும் சற்று மடக்கினாள். பதினேழு முழுதாகத் தெரிய வேண்டும்.

"இப்ப எடு."

பல்லி அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு எடுத்தான். ஒன்றே ஒன்று.

அம்மா அந்தப் படத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். பதினேழின்மேல் விரலை வைத்தாள். பிறகு படத்திலிருந்த கையைத் தடவினாள்.

"தொட்டுப் பாத்தியாடி?"

"ம்."

"சில்லுன்னு இருந்துச்சா?"

"ம்."

"என் புருஷன் பொய் சொல்லமாட்டார்." அம்மா எழுந்தாள். முகத்தைக் கழுவினாள். புடவை மாற்றினாள். "கிளம்பு."

"எங்கம்மா?"

"எங்கேன்னு தெரியாதா உனக்கு? இருபத்துமூணு வருஷம் கழிச்சு இப்பத்தான் எனக்கு அந்தப் பக்கம் திரும்பக் கழுத்து வருது."

சித்தப்பா வாசலில் ஒரு சைக்கிள் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி வருகிற இடத்தைத் தேடிக்கொண்டிருந்தார். அம்மா வந்து நின்றதும் எழுந்தார். டியூப் தண்ணீரிலேயே கிடந்தது.

"வாங்க அண்ணி."

"உக்காந்து காபி குடிக்க வரல. இதைப் பாரு."

அவர் கையைத் துடைத்தார். கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டினார். படத்தை வெளிச்சத்துக்குக் காட்டிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"இது ஆறாம் கிளை," என்றார்.

"என்ன தேதி போட்டிருக்கு? வாயைத் திறந்து படி."

"பதினேழு."

"யாரு எழுத்து?"

"அண்ணன் எழுத்து."

தெருவில் இரண்டு பேர் நின்றார்கள். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. அம்மாவின் குரலுக்கு அவ்வளவு பலம் இருப்பது மகளுக்கே அன்றுதான் தெரிந்தது. "அப்போ அன்னைக்கு அதிகாரிங்க முன்னாடி என்னடா சொன்னே? மூணாம் கிளையோட திரும்பிட்டார்னு சொன்ன நாக்கு எங்கே? உன் தலையைக் காப்பாத்திக்க அண்ணன் தலையைக் குடுத்தியே, நல்லா இருக்கியா?"

சித்தப்பா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தக் கை யாருது?"

"என் பொண்ணு கை. அப்பன் எழுத்தைத் தொட்டுப் பாத்த கை."

அவர் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார். பக்கத்திலிருந்து பார்த்தால் கண்ணும் மூக்கும் அப்பாவுடையவை. இவ்வளவு நாள் அவள் அதைக் கவனித்ததில்லை. கவனிக்கக் கூடாது என்று வளர்ந்தவள். இப்போது அவர் சொல்லப்போகிறார் என்று நினைத்தாள். தெருவே நிற்கிறது, சொல்லிவிடுவார்.

"சரி அண்ணி," என்றார். "அன்னைக்கு இருட்டு. நான் சரியாப் பாக்கல போல."

"விளக்கு உன் கையிலதானேடா இருந்துச்சு!"

சித்தப்பா கண்ணாடியைக் கழற்றினார். அம்மா படத்தைப் பிடுங்கிக்கொண்டு நடந்தாள். நின்றவர்கள் வழிவிட்டார்கள். அவர்களில் ஒருவர் சித்தப்பாவின் வாசலில் காறித் துப்பிவிட்டுப் போனார்.

அவள் மட்டும் நின்றாள். சித்தப்பா உட்கார்ந்து டியூபைத் தண்ணீரிலிருந்து எடுத்தார்.

"சனிக்கிழமை வரைக்குமா?" என்று கேட்டார்.

அவள் தலையை ஆட்டினாள்.

"திங்கக்கிழமை நான்தான் விளக்குக் குடுத்தேன். முழங்கால் வீங்கிக் கிடந்துச்சு அவருக்கு. ஒரே மூச்சா ஆறையும் எழுதிட்டு, 'தம்பி, வாரம் முடிஞ்சுதுடா'ன்னு சிரிச்சார். நானும் சிரிச்சேன்."

"அதை ஏன் சொல்லல?"

"ஒரு நாள் போகலன்னா வேலையோட போகும். வருஷக்கணக்கா போகலன்னா ஜெயில். ஒரு நாளோட நிறுத்திக்கிட்டேன்." டியூபை மடியில் வைத்துத் துடைத்தார். "அவருக்காகன்னு சொன்னா பொய். எனக்காகவும்தான். கூடப் போனவன் நான்."

"நான் அம்மாகிட்டச் சொல்லிடறேன் சித்தப்பா."

அந்த வார்த்தை அவள் வாயில் வந்து இருபத்துமூன்று வருடம் ஆகியிருந்தது. அவர் அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"சொல்லு," என்றார்.

அன்று ராத்திரி அம்மா இரண்டு தட்டுச் சாப்பிட்டாள். சாப்பிடும்போது பாடினாள். நாளைக்குச் சொல்லலாம் என்று அவள் இருந்துவிட்டாள். மறுநாள் அம்மா படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு வந்துவிட்டாள். அதற்கு மறுநாள் பக்கத்துத் தெருவிலிருந்து ஆட்கள் பார்க்க வந்தார்கள். மூன்றாவது நாள், ஏழு குடும்பங்களின் சங்கச் செயலாளர் வந்தார். படத்தின் முன்னால் கைகட்டி நின்றார். "தப்பு பண்ணிட்டோம்மா. ஒரு அயோக்கியன் பேச்சைக் கேட்டு ஒரு நல்ல மனுஷனைச் சாகடிச்சுட்டோம்" என்றார். அம்மா அவருக்குக் காபி கொடுத்தாள். ஒவ்வொரு நாளும் சொல்லவேண்டியது பெரிதாகிக்கொண்டே போனது. ஒவ்வொரு நாளும் சித்தப்பாவின் வாசலில் பழுதுக்கு நிற்கும் சைக்கிள்கள் குறைந்தன. வேலைக்குப் போகும்போது எண்ணினாள். பதினைந்தாம் தேதி ஒன்றுகூட இல்லை.

பல்லி ஒருமுறை போன் செய்தான். "டாக்டர் நோட்டுல எழுதணுமாம். சுவத்துல என்ன இருந்துச்சுன்னு கேட்டார். என்ன சொல்லட்டும்?"

"படத்துல இருக்கறதைச் சொல்லு."

"சரி," என்றான் பல்லி. "அடுத்த ஞாயித்துக்கிழமை வருவியா?"

"இல்ல."

பதினேழாம் தேதி சுரங்க வாசலில் அம்மாவுக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள். பக்கத்தில் அவள். செங்கல் நிறத்தில் துரு ஓடிய கதவுக்குப் பின்னால் கான்கிரீட் சுவர் தெரிந்தது. அதற்கு அந்தப் பக்கம் எவ்வளவு தூரம் என்று இப்போது அவளுக்குத் தெரியும்.

பெயர் சொல்ல இந்தமுறை ஒரு பள்ளிக்கூட வாத்தியாரை வைத்திருந்தார்கள். நல்ல குரல். காகிதத்தைப் பிரித்து ஒவ்வொரு பெயராகப் படித்தார். படித்துவிட்டுக் காகிதத்தை மடித்தார். எல்லோரும் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்கள்.

அவள் பெயர்களை எண்ணிக்கொண்டே வந்தாள். ஆறு.

இரண்டாம் வரிசையில் ஒரு கிழவி எழுந்தாள். உடல் கிடைக்காத மூன்று பேரில் ஒருவனைப் பெற்றவள். "என் புள்ள பேரு?" என்றாள். சத்தமாகக்கூடக் கேட்கவில்லை. "என் புள்ள பேரைச் சொல்லலியே?"

வாத்தியார் காகிதத்தைப் பிரித்தார். முன்னும் பின்னும் திருப்பினார். செயலாளர் அவர் காதில் ஏதோ சொல்ல, அவர் இல்லை என்று தலையாட்டினார். யாருக்கும் வாயில் வரவில்லை. இருபத்திரண்டு வருடம் ஒருவரே சொல்லி மற்றவர்கள் கேட்டுப் பழகிய பெயர்.

வெளிக்கதவுப் பக்கமிருந்து அந்தப் பெயர் வந்தது. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு சாலையில் நின்றிருந்தார் சித்தப்பா. உள்ளே வரவில்லை. பெயரைச் சொல்லி, அவனுடைய அப்பா பெயரையும் சொல்லி நிறுத்தினார்.

எல்லாத் தலையும் திரும்பியது. "அவனை யாரு இங்க வரச் சொன்னது?" என்று ஒரு குரல் கேட்டது. "இன்னும் என்னடா வேணும் உனக்கு?" என்றது இன்னொரு குரல். ஒரு கல் போய்ச் சைக்கிள் சக்கரத்தில் பட்டு ஒலித்தது. அவர் சைக்கிளைத் திருப்பித் தள்ளிக்கொண்டு போனார்.

"பாத்தியா," என்றாள் அம்மா காதோரம். "வெக்கங்கெட்டவன், வந்து நிக்கறான்."

அவள் எழுந்தாள். எழுந்தது என்னவோ பேசுவதற்குத்தான். கிழவி அதற்குள் வரிசையைக் கடந்து முன்னால் வந்துவிட்டாள். அம்மா மகளின் வலது கையை எடுத்து அவளிடம் நீட்டினாள்.

"இந்தக் கைதான்மா. உள்ள போய்த் தொட்டுட்டு வந்துச்சு."

கிழவி அந்தக் கையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். விரித்துப் பார்த்தாள். முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"என் புள்ள இருக்கற இடத்துக்குப் போன கை," என்றாள்.

உள்ளங்கை நனைந்தது. அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. திறந்த வாயை மூடிக்கொண்டாள்.